ஆட்டுக்குப் பதிலா நான்

ஏனுங் அம்மணி, அந்தக் கூடையில இருக்கறது நாய்க்குட்டிதானுங்களே? துண்டைப் போட்டு மூடிட்டா தெரியாதுன்னு நினைச்சீங்களாக்கும். பயப்படாதீங்க, கண்டக்டர்கிட்டச் சொல்ல மாட்டேன். சர்வீஸ் முச்சூடும் பஸ்ஸுல டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவன் நான். படியில கால் வைக்கறப்பவே எவன் டிக்கெட் எடுக்கல, எவன் நேத்து டிக்கெட்டை வெச்சுட்டு ஏமாத்தறான்னு மூஞ்சியப் பாத்துச் சொல்லிருவேன். நான் ரிட்டயர் ஆயிட்டேன், என் கண்ணு ரிட்டயர் ஆகலைங்க.

துண்டைக் கொஞ்சம் விலக்குங்க பாக்கலாம். அட. கருப்பும் வெள்ளையும். கழுத்தைச் சுத்தி வெள்ளைத் துண்டு போட்டாப்பல. பாருங்க, என்னையே மொறைக்குது. பார்டர் கோலிதானுங்களே? நினைச்சேன். புள்ளைங்க ஆசைப்பட்டுச்சுன்னு வாங்கிட்டுப் போறீங்க. அது எப்படிப்பட்ட நாயின்னு தெரியுங்களா? தெரியாது. தெரிஞ்சிருந்தா இப்படி நிம்மதியா முறுக்குத் தின்னுட்டு உக்காந்திருக்க மாட்டீங்க.

நான் சொல்றேன் கேளுங்க. உடுமலை வர்ற வரைக்கும் எனக்கும் வேற சோலி இல்ல.

எங்களுக்குப் பொள்ளாச்சி. ஒரே பொண்ணு, தாரணின்னு பேரு. கம்ப்யூட்டர் வேலை, வீட்டுலருந்தே பாத்துக்குவா. கூட வேலை பாத்த புள்ள ஒண்ணு வெளிநாடு போகுதுன்னு அது வளத்த நாயை இவ கூட்டிட்டு வந்துட்டா. வளந்த நாயி, பொட்டை. ஜில்லுன்னு பேரு. "ரிட்டயர் ஆயிட்டு சும்மா இருக்கீங்கப்பா, உங்களுக்குத்தான் துணை"ன்னா. என் மேல அவளுக்கு அப்படி ஒரு அக்கறை. துணைக்கு என் சம்சாரம் வசந்தாமணி இருக்கறா. ஆனா எங்க ரெண்டு பேருக்கும் டிவியில ஒத்து வராதுங்க. எனக்கு நியூஸ் வேணும், அவளுக்குச் சீரியல் வேணும். அதனால அவளுக்குப் படுக்கற ரூம்புல ஒரு டிவி, எனக்கு ஹால்ல ஒரு டிவி. தாரணி மாடியில. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. அவங்கவங்க எடத்துல அவங்கவங்க இருந்துக்கிட்டோம்.

ஜில்லு வந்துச்சா, குலைக்கவே இல்ல. அதான் முதல் ஏமாத்து. குலைக்கற நாயை நம்பலாமுங்க, இது பாக்கும். தலையைத் தாழ்த்தி, முன்னங்காலு ஒண்ணைத் தூக்கினபடி அப்படியே நிறுத்தி, கண்ணைச் சிமிட்டாம பாக்கும். படியில தொங்கிட்டு வர்றவனை நான் பாப்பேனே, அந்தப் பார்வை. ஹால்ல எனக்கு முன்னால நின்னு பாத்துச்சு. நான் நியூஸைப் பாத்தேன். அது என்னைப் பாத்துச்சு. கடைசியில எனக்கே கூச்சமாப் போயி, எந்திரிச்சு வசந்தாமணி ரூம்புக்குப் போயி உக்காந்துட்டேன். அப்பறம் ஜில்லு மாடிக்குப் போயி தாரணி காலை மூக்கால முட்டி முட்டி அவளையும் கீழ எறக்கிக் கூட்டிட்டு வந்துருச்சு. மூணு பேரும் ஒரே ரூம்புல சீரியல் பாத்தோம். அதுக்கப்பறந்தான் அது வாசப்படியில படுத்துக் கண்ணை மூடுச்சு.

தெனமும் இதே கூத்துதான். சாயங்காலம் பொழுதோட நான் ஒரு நடை டீக்கடைக்குப் போவேன். சக்கரை வியாதிக்கு நடக்கோணும்னு டாக்டரு சொன்னதுனால போறது. அங்க போனா பஜ்ஜி போட்டிருப்பாங்க, அதுக்கு நான் என்ன பண்றது. ஜில்லு வந்ததுலருந்து வாசல் கேட்டுப் பக்கம் போக முடியல. குறுக்க வந்து நிக்கும். நான் வலதுபக்கம் போனா அது வலதுபக்கம், இடதுபக்கம் போனா இடதுபக்கம். ஒரு நாளு கோவத்துல தாண்டிப் போனேன். குதிங்காலுல நறுக்குன்னு ஒரு கடி. ரத்தம் வரல, மானம் போயிருச்சு. எதுத்த வீட்டுல ஸ்கூல் வேனுக்கு நிக்கற புள்ளைங்களை இது ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரிசை கட்டி நிறுத்துச்சுன்னு அந்தத் தாய்மாருங்க வேற வந்து தேங்க்ஸ் சொல்லிட்டுப் போறாங்க.

சரி, கடிச்ச நாயைச் சும்மா விடக்கூடாதுன்னு கால்நடை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். சின்ன வயசு டாக்டரு, இளமாறன்னு பேரு. தர்மபுரிப் பக்கத்துக்காரரு. நல்ல மரியாதையான புள்ள. அவரு சொன்னாரு, "சார், இது வெளிநாட்டு மலையில ஆடு மடக்கறதுக்குன்னே வளத்த ஜாதி. ஆட்டைக் கடிச்சு வெரட்டாது. எங்க போயி நின்னா ஆடு எந்தப் பக்கம் நகரும்னு அதுக்குத் தெரியும். அங்க போயி நிக்கும், அவ்வளவுதான். ஆடு தானாத்தான் நடக்கறதா நினைச்சுக்கும்."

ஆடு எவ்வளவு முட்டாப் பிராணி பாருங்கன்னு நான் சிரிச்சேன். டாக்டரும் சிரிச்சாரு. தாரணிதான் ரொம்ப நேரம் சிரிச்சா.

வேலை இல்லாம இருந்தா இந்த நாய்க்குப் புத்தி கெட்டுப் போயிருமாம், அதுக்கு வேலை குடுக்கோணுமாம். டாக்டரு தாரணிக்கு விசில் பழக்கி விட்டாரு. நீட்டா ஒண்ணு அடிச்சா நாயி அப்படியே படுத்துக்கோணும். இழுத்து ஏத்தி அடிச்சா எல்லாரையும் சுத்தி வளைக்கோணும். குட்டை குட்டையா ரெண்டு அடிச்சா முன்னால தள்ளிட்டுப் போகோணும். ஞாயித்துக்கெழமையானா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கற மைதானத்துக்குப் போயிருவோம், டாக்டரு, தாரணி, நானு, ஜில்லு. வயசுப்புள்ளையைத் தனியா அனுப்ப முடியுங்களா? நான் கூடவே போனேன். அதுல எல்லாம் நான் கறாருங்க.

மைதானத்துல ஆடு கெடையாதில்லீங்களா. அதனால ஆட்டுக்குப் பதிலா நான்.

சிரிக்காதீங்க அம்மணி. இது பயிற்சி. நான் மைதானத்து அந்தக் கோடிக்குப் போயி நிப்பேன். இவங்க ரெண்டு பேரும் இந்தக் கோடியில வேப்ப மரத்தடியில நிப்பாங்க. ஜில்லு என்னைச் சுத்திச் சுத்தி வரும். நான் அப்பப்ப இவங்க இருக்கற பக்கம் நடக்கப் பாப்பேன், அப்ப ஒரு விசில் வரும், ஜில்லு என்னை மறுபடியும் அந்தக் கோடிக்கே கொண்டு போயிரும். ஒரு மணி நேரம் நடக்கும் இது. மரத்தடியில அவங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு காதுல விழாது, ஆனா நாயைப் பத்தித்தான் பேசியிருப்பாங்க, அடிக்கடி என் பக்கம் கையைக் காட்டுவாங்க. எனக்குச் சக்கரை நல்லாக் குறைஞ்சுது.

ஆனா அந்த நாயி உடம்பு சுகமில்லாத நாயிங்க. வாரத்துல ஒரு தடவையாச்சும் டாக்டர்கிட்டப் போகோணும். பாத்தா நல்லாத்தான் ஓடியாடிட்டு இருக்கும். தாரணி வந்து, "அப்பா, ஜில்லு ஒரு மாதிரி இருக்குது"ன்னுவா. தாயி மாதிரி அவளுக்குத்தான் தெரிஞ்சுது, நமக்கு அது புரியாது.

இப்படி இருக்கறப்பத்தான் தாராபுரத்துலருந்து ஒரு ஜாதகம் வந்துச்சு. மில்லுக்காரங்க, நம்ம ஆளுங்க. பொருத்தம் பாத்தாச்சு, அமோகம். ரெண்டே ரெண்டு கண்டிசன் சொன்னாங்க. கல்யாணத்துக்கு அப்பறம் பொண்ணு வேலைக்குப் போகக்கூடாது, நாயி பூனையெல்லாம் அவங்களுக்கு ஆகாது. தாரணிகிட்டச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசல. சரி, சம்மதம்னு முடிவு பண்ணிட்டேன். என் சர்வீஸ்ல பாத்திருக்கறேன், வாதாடறவன்தான் டிக்கெட் எடுத்திருக்க மாட்டான், பேசாம நிக்கறவன் எடுத்திருப்பான்.

பொண்ணு பாக்க ரெண்டு காருல வந்தாங்க. ஹால் நெறைய ஒறம்பரைச் சனம். ஜில்லுவை நானே கொண்டு போயி மாடி ரூம்புல விட்டு வெளித் தாப்பா போட்டுட்டு வந்தேன். தாரணி சேலை கட்டிட்டு மாடியிலயே பக்கத்து ரூம்புல இருந்தா. வசந்தாமணி போயிக் கூட்டிட்டு வர்றேன்னு மேல போனா. போயி எறங்கி வந்தா, தாரணிக்குக் கொசுவம் நிக்கலையாம், கொஞ்ச நேரம் ஆகும்னா. நானும் மில்லுக்காரரும் தேங்காய் வெலையைப் பத்திப் பேசிட்டு இருக்கறோம், மாடிப்படியில ஜில்லு நிக்குது. தாப்பா எப்படித் தொறந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. வசந்தாமணியக் கேட்டதுக்குக் காத்தா இருக்கும்னா. ஆமா, எங்க ஊருக் காத்து பாலக்காட்டுக் கணவாய்லருந்து நேரா வர்றது, அது என்ன வேணாப் பண்ணும்.

மாடியிலருந்து விசில் வந்துச்சு. பாவம் புள்ள, நாயி ஓடியாந்துருச்சேன்னு பதறிப் போயி அடக்கப் பாக்கறா. இழுத்து ஏத்தி ஒரு விசில். ஜில்லு ஹாலைச் சுத்தி ஒரு வட்டம் அடிச்சுது. சோபாவுல இருந்தவங்க காலைத் தூக்கிட்டாங்க. நாற்காலியில இருந்தவங்க எந்திரிச்சுட்டாங்க. ஜில்லு யாரையும் தொடலைங்க, சத்தியமாச் சொல்றேன். பாத்துச்சு, அவ்வளவுதான். பட்டுச்சேலையும் வெள்ளை வேட்டியுமா அத்தனை பேரும் ஃபிரிட்ஜு ஓரமா ஒரே மூலையில ஒண்டிக்கிட்டாங்க. கேசரித் தட்டைக் கையில புடிச்சபடியே நின்னாரு மில்லுக்காரரு. மாப்பிள்ளைப் பையன் அவங்க அம்மாவுக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டான்.

தாரணி விடல. மறுபடியும் விசில் அடிச்சா, குட்டை குட்டையா ரெண்டு. கூட்டம் நகர ஆரம்பிச்சுது. ஹாலைத் தாண்டுச்சு, வாசலைத் தாண்டுச்சு, செருப்புப் போடக்கூட நிக்கல. மில்லுக்காரம்மா மட்டும் ஒரு பக்கமா ஒதுங்கப் பாத்துச்சு. ஜில்லு அந்தப் பக்கம் போயி ஒரு காலைத் தூக்கி நின்னுச்சு. அந்தம்மா தானே போயிக் காருல ஏறிக் கதவைச் சாத்திக்கிச்சு. அத்தனை பேரும் ஏறின அப்பறந்தான் தாரணிக்குச் சரியான விசில் வாய்ச்சுது. நீட்டா ஒண்ணு. ஜில்லு கேட்டுல படுத்துக்கிச்சு. தாரணி எறங்கி வந்து, "எவ்வளவோ பாத்தேன்ப்பா, கேக்கவே மாட்டேங்குது"ன்னா. மூச்சு வாங்குது புள்ளைக்கு. நான்தான் சமாதானம் பண்ணினேன்.

சம்பந்தம் முறிஞ்சு போச்சு. எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். தாரணியைச் சொல்லி என்ன பண்றது, தப்பு நாயி மேல. ஆனைமலைப் பக்கம் தோட்டத்துல என் கூடப் படிச்ச திருமூர்த்தி இருக்கறான். ஆடு நெறைய வெச்சிருக்கறான். ஆடு மடக்கற நாயி ஆட்டுகிட்ட இருக்கட்டும்னு வரச் சொல்லிட்டேன். வேன் கொண்டு வந்து ஏத்திட்டுப் போனான். தாரணி அழுவான்னு பாத்தேன். அழல. படியில நின்னு பாத்துட்டே இருந்தா. அழுதிருந்தா ரெண்டு வார்த்தை திட்டிட்டு நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்திருப்பேன்.

அன்னைக்குப் பொழுதோட கேட்டைத் தொறந்துட்டு ராசா மாதிரி டீக்கடைக்குப் போனேன். மறிக்கறதுக்கு யாரும் இல்ல. பஜ்ஜி தின்னேன். நல்லாவே இல்லீங்க, மாவு வேகல. வீட்டுக்கு வந்து நியூஸைப் போட்டேன். வசந்தாமணி அவ ரூம்புல சீரியல் போட்டா. தாரணி மேல போனவ சாப்பிடவும் எறங்கல. முன்னயும் அப்படித்தான இருந்தோம், அப்பத் தெரியல. இப்ப அந்த வீடு லாட்ஜு மாதிரி இருந்துச்சு. மூணு கதவு, மூணும் சாத்தி.

நாலஞ்சு நாளு பாத்தேன். அப்பறம் நானே மாடிக்குப் போயி, ஒரு நாய்க்காக இப்படியான்னு கேட்டேன். தாரணி கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கல. மெதுவாச் சொன்னா, "அது யாரையும் வெரட்டலப்பா. எல்லாரும் ஒரே எடத்துல இருந்தாத்தான் அதுக்குத் தூக்கம் வரும். அதுக்கு வேண்டியது அவ்வளவுதான்."

எறங்கி வந்து நியூஸைப் போட்டேன்.

அடுத்த நாளு ஆனைமலைக்குப் போனேன். திருமூர்த்தியைப் பாத்து நாளாச்சேன்னு போனது. நாயைப் பாக்கப் போகல. பையில சங்கிலியும் பிஸ்கட்டும் இருந்தது சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்கு.

என்னைப் பாத்ததும் திருமூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டான். "உன் நாயைக் கூட்டிட்டுப் போயிருப்பா. ஆட்டைக் கண்டா அது ஓரமா ஒதுங்கிக்குது. கெடா முட்ட வந்தா என் சம்சாரத்துக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்குது. ஆனா எங்க மருமக கோவிச்சுட்டுப் பையைத் தூக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குக் கெளம்பினாளா, பஸ் ஸ்டாப்புல இருந்து மறிச்சுக் கூட்டிட்டு வந்துருச்சு. எனக்கும் என் தம்பிக்கும் வழக்கு நடக்குது, அவனைக் கொண்டாந்து எங்க ஆட்டுக் கட்டுத்தரையில நிறுத்திருச்சு. மனுசன் குடியிருக்கறதா வேண்டாமா?"

ஜில்லு கட்டுத்தரைக்கு அந்தாண்ட படுத்திருந்துச்சு. இளைச்சுப் போயிருந்துச்சுங்க. என்னைப் பாத்ததும் வாலை ஆட்டிட்டு ஓடியாரும், நக்கும்னு நினைச்சேன். வரல. மெதுவா எந்திரிச்சு, நொண்டிட்டே, என்னைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுப் பின்னால வந்துச்சு. மூக்கால என் முழங்காலுக்குப் பின்னால ஒரு முட்டு. ரோட்டுப் பக்கம்.

அப்பறம் நான் என்னத்தைச் சொல்றது. நடந்தேன். திருமூர்த்திகிட்டச் சொல்லிக்கக்கூட இல்ல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் முன்னால, அது பின்னால. சங்கிலியைப் பையிலருந்து எடுக்கவே இல்ல.

வீட்டுக்கு வந்து பாத்தா, ஜில்லு காலுல முள்ளு ஏறிச் சீழ் வெச்சிருக்குது. தாரணி டாக்டருக்குப் போன் பண்ணினா. போனை வெக்கறதுக்குள்ள பைக் சத்தம் கேக்குது. இந்தப் பக்கமாத்தான் வந்துட்டு இருந்தேன்னாரு. ஆஸ்பத்திரி ஊருக்கு அந்தக் கோடியில இருக்குது, ஆனாப் பாருங்க, நல்ல நேரம்னா அப்படித்தான் அமையும். ஹால்லயே கீழ உக்காந்து முள்ளை எடுத்தாரு. தாரணி ஜில்லு தலையைப் புடிச்சுக்கிட்டா, வசந்தாமணி டார்ச் அடிச்சா, நான் காலைப் புடிச்சேன். கட்டுப் போட்டு முடிச்சுட்டு அவரு பையைத் தூக்கிக் கெளம்பறாரு. ஜில்லு கட்டுப் போட்ட காலைத் தூக்கிட்டே போயி வாசப்படியில குறுக்க நின்னுருச்சு. அவரை விட மாட்டேங்குது. நான் தாரணியைத்தான் பாத்தேன். விசில் அடிக்கல, வாயே தொறக்கல. அந்த நாயி தானா நின்னுச்சு.

அப்பத்தாங்க எனக்குப் பொறி தட்டுச்சு. மண்டையில பல்பு எரிஞ்சாப்பல. இந்தப் பையனுக்கே தாரணியைக் குடுத்தா என்ன?

இத்தனை நாளா கண்ணுக்கு முன்னால இருந்திருக்கறான், வீட்டுல ஒருத்தருக்கும் தோணல பாருங்க. அடுத்த நாளு காலையில தாயையும் மகளையும் உக்கார வெச்சு நானே சொன்னேன். வசந்தாமணி அப்படியே வாயில கையை வெச்சுக்கிட்டா. "உங்களுக்கு எப்படிங்க இது தோணுச்சு"ன்னா. தாரணி, யோசிச்சுச் சொல்றேன்ப்பான்னு சமையக்கட்டுக்குப் போனா. குக்கர் ரெண்டாவது விசில் வர்றதுக்குள்ள, "நீங்க சொன்னாச் சரிப்பா"ன்னு வந்து நின்னா. சொல்லிக் குடுத்து வளத்த புள்ள.

அவங்க நம்ம ஆளுங்க இல்லீங்க. அதைச் சொல்லியாகோணும். என் தம்பி போன்ல கத்தினான். மச்சான் ரெண்டு பேரு கல்யாணத்துக்கே வரல, இன்னமும் பேச்சுவார்த்தை இல்ல. வேற எவனாச்சும் கொண்டு வந்த பேச்சா இருந்தா நானும் ரெண்டு தடவை யோசிச்சிருப்பேன். அவளே போயி இழுத்துட்டு வந்திருந்தா, அய்யோ, வீட்டுப்படி ஏத்தியிருக்க மாட்டேன். இது நான் கண்டுபுடிச்ச மாப்பிள்ளை. எவன் வந்து என்னைக் கேக்கறது? நெஞ்சை நிமித்திட்டு நின்னு நடத்தினேன். தாரணி மேடையில என் கையைப் புடிச்சவ விடவே இல்ல.

மாப்பிள்ளையோட அப்பா அம்மா முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தாங்க பாருங்க, வழி கூடக் கேக்கல, நேரா வந்துட்டாங்க. அந்தம்மா காப்பி போடறேன்னு சமையக்கட்டுக்குப் போச்சு. சக்கரை டப்பா மேல் தட்டுல பருப்பு டப்பாவுக்குப் பின்னால இருக்கும், எனக்குத் தெரியாம இருக்கட்டும்னு வசந்தாமணி ஒளிச்சு வெச்சது. கையை விட்டு டக்குன்னு எடுத்துருச்சு. விவசாயக் குடும்பம், சூட்டிகை.

இப்ப மாப்பிள்ளைக்கு உடுமலைக்கு மாத்தல். தாரணியும் ஜில்லுவும் அங்கதான். ஜில்லு ராவும் பகலும் கேட்டுகிட்ட நின்னு பொள்ளாச்சிப் பக்கமே பாக்குதாம், சோறு எறங்கலையாம். நாயைப் பாத்துட்டு வர்றேன்னு வசந்தாமணி போனா. போனவ அங்கயே இருக்கறா. அவங்களுக்கு அடுத்த தெருவுல ஒரு வீடு வாடகைக்கு இருக்குதுன்னாங்க. நான் ஒத்துக்கல. பொறந்து வளந்த ஊரை விட்டுட்டு வர்றதாவது. வந்து நேருல பாத்துட்டு நான்தான் முடிவு சொல்லோணும். அதுக்குத்தான் இப்பப் போறது. சாமான்ல பாதி போன வாரமே வண்டியில போயிருச்சுங்க, சும்மா கெடந்தாக் கறையான் அரிக்கும்னு. பால் காய்ச்ச நாளைக்கு நல்ல நாளுன்னு வசந்தாமணி காலண்டர் பாத்துச் சொன்னா. அது ஒரு தகவலுக்கு.

ஒரு நிமிசம், போன் அடிக்குது.

சொல்லு வசந்தா. ஆமா, வந்தாச்சு, பாலம் தாண்டியாச்சு. எதுக்கு? ம். ம். பின்பக்கம் எறங்கி இடதுபக்கமா வரோணுமா. மாப்பிள்ளை அங்க நிக்கறாரா. தாரணி டீக்கடைகிட்டயா? சரி, சரி. ஜில்லு எங்க நிக்குது? சரி, வெச்சுரு.

பாத்தீங்களா அம்மணி, எனக்கு உடுமலை பஸ் ஸ்டாண்டு தெரியாதாமா. சர்வீஸ்ல எத்தனை தடவை வந்து எறங்கியிருப்பேன். இருந்தாலும் அவங்க மனசு நோகக் கூடாதில்லீங்களா. நானே இடதுபக்கமாத்தான் போகோணும்னு நினைச்சுட்டு இருந்தேன்.